நிலவுக்குக் கட்டிய சாரம்

(2025 ஆகஸ்டில் புதுச்சேரி, சாரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் 'மனிதர் நிலவுக்குப் போன வரலாறு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதையே திரும்பச் சொல்ல ஓர் அறக்கட்டளைப் பொழிவு வேண்டியதில்லை. ஆகவே இந்த ஊரின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். சாரம் என்ற பெயர் ஊருக்கு எப்படி வந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன். புலவரைக் கேட்டால் சாரம் என்பது ஒன்றின் உட்பொருள் என்பார். கொத்தனாரைக் கேட்டால் சவுக்குக் கழியும் கயிறும் கொண்டு கட்டுவது என்பார். நான் கொத்தனார் பக்கம். கட்டடம் எழும்பும் வரை எல்லாப் பாரமும் சாரத்தின் மேல்தான். பூச்சு முடிந்ததும் முதலில் பிரிப்பதும் அதைத்தான். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் யாரும் சாரம் எங்கே என்று கேட்பதில்லை.

1968 டிசம்பர் முதல் 1972 டிசம்பர் வரை 24 பேர் நிலவுக்குப் போய்த் திரும்பினார்கள். அவர்களில் 12 பேர் அதன் மண்ணில் நடந்தார்கள். இவர்களுக்காக வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். அந்தச் சாரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன் நம் புதுச்சேரியில் நிலவைக் கணக்கிட்ட ஒருவரைப் பார்த்துவிட்டுப் போவோம்.

சோழி வைத்துப் போட்ட கணக்கு

1825ஆம் ஆண்டு. சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்துக்கொண்ட ஜான் வாரன் என்ற படை அதிகாரி, தென்னாட்டுக் காலக்கணக்கு முறைகளைத் திரட்டி 'கால சங்கலிதம்' என்ற நூலை எழுதிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அந்த ஆண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். பஞ்சாங்கக்காரர் தாள் கேட்கவில்லை, எழுதுகோல் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். வாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். சோழியைக் கூட்டினார், குறைத்தார், நகர்த்தினார், விடையைச் சொன்னார். கணக்கின் பின்னால் இருக்கும் கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை, ஆனால் நினைவாற்றல் அபாரம் என்று வாரன் எழுதி வைத்தார்.

கணித வரலாற்றறிஞர் ஆட்டோ நொய்கபவர் 1952இல் அந்த விடையை எடுத்து ஆராய்ந்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். 52 நிமிடமா என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தைத் தூக்குகிறார். ஐயா, தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு வந்த எண்களை வைத்து, ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து சொன்ன விடை இது. எனக்குத் தொடக்கத்தின் அந்த 4 நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

நிலவின் கணக்கு எளிதல்ல. பூமிக்கு அருகில் வரும்போது அது விரைந்து ஓடும், விலகும்போது மெல்ல நடக்கும். இந்த ஓட்டத்தின் ஒரு சுற்றுக்கு 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. அப்படி 9 சுற்று முடிய 248 நாள். இந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம் என்று கட்டி வைத்தார்கள். எழுத்துக்கு எண் என்று விதி இருப்பதால், வாக்கியத்தைச் சொன்னால் நிலவின் இடம் எண்ணாக வந்துவிடும். உங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறதே வாக்கியப் பஞ்சாங்கம், அந்தப் பெயரில் உள்ள வாக்கியம் இதுதான்.

வாரனுக்கு முன்பே, 1768இல் ல ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலர் புதுச்சேரிக்கு வந்தார். வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியை 1769 ஜூனில் பார்ப்பதற்காக, ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டையின் இடிபாட்டில் ஓர் ஆய்வகம் கட்டினார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பாவம், வெள்ளி கிடைக்கவில்லை. ஆனால் தமிழர்களின் கிரகணக் கணக்கை இங்கே கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை வைத்து ஒப்பிட்டபோது, கிரகணம் நீடிக்கும் நேரத்தில் நம்மூர்க் கணக்கின் பிழை 41 விநாடி. ஐரோப்பாவில் அப்போது பெரிதும் மதிக்கப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணையில் 68 விநாடி.

ல ஜான்தீ மேகத்தைப் பார்த்து நொந்துகொண்டு சரியாக 200 ஆண்டு கழித்து மனிதர் நிலவில் இறங்கினார்கள்.

கப்பலும் சலங்கும்

1961 மே 25 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதரை நிலவில் இறக்கிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதுவரை விண்வெளியில் அமெரிக்கருக்கு இருந்த அனுபவம் ஆலன் ஷெப்பர்டின் 15 நிமிடப் பயணம் ஒன்றுதான். ககாரின் அதற்கு முன்பே, ஏப்ரல் 12இல், பூமியைச் சுற்றி வந்துவிட்டார். கௌரவப் பிரச்சினை. பணத்தைக் கொட்டத் தயாராக இருந்தார்கள். எப்படிப் போவது என்பதில்தான் சண்டை.

பெரிய ராக்கெட்டோடு அப்படியே போய் நிலவில் இறங்கி, அப்படியே எழும்பி வருவது ஒரு யோசனை. அதற்கு வேண்டிய எடையை நினைத்தாலே தலை சுற்றும். ஜான் ஹவுபோல்ட் என்ற பொறியாளர், மேலதிகாரிகளைத் தாண்டிக் கடிதம் எழுதி வாதாடிய யோசனை வேறு. அது புதுச்சேரிக்காரனுக்குச் சட்டென்று புரியும். பழைய நாளில் நம் கரைக்குக் கப்பல் நேரே வராது. ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவருவது சலங்கு என்ற கயிறு தைத்த படகு. ஹவுபோல்ட் சொன்னதும் இதுதான். தாய்க்கப்பல் நிலவைச் சுற்றிக்கொண்டு நிற்கட்டும். சிறிய படகில் இருவர் இறங்கட்டும். வேலை முடிந்ததும் படகில் ஏறிக் கப்பலுக்கு வரட்டும், படகை அங்கேயே விட்டுவிடலாம். 1962 ஜூலையில் நாசா இதை ஏற்றது. அந்தப் படகு காற்றில்லாத இடத்தில் மட்டும் ஓடுவது என்பதால் அதன் சுவர் சில இடங்களில் மெல்லிய தகடு அளவுக்குத்தான் இருந்தது.

உள்பக்கம் திறக்கும் கதவு

சாரம் சரியும் நாளும் உண்டு. 1967 ஜனவரி 27 அன்று, தரையில் நின்ற அப்போலோ கலத்தில் ஒத்திகை. உள்ளே கிரிஸம், வொயிட், சாஃபீ. கலம் முழுக்கத் தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடச் சற்று அதிக அழுத்தத்தில். எங்கோ ஒரு மின்கம்பியில் பொறி தெறித்தது. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. உள்ளே அழுத்தம் ஏற ஏற அது இன்னும் இறுகியது. மூவரும் மாண்டார்கள். அதற்குப் பிறகு கதவு வெளிப்பக்கம் சில விநாடிகளில் திறக்கும்படி மாறியது, தரையில் நிற்கும்போது நிரப்பும் காற்றும் மாறியது. அடுத்த ஆட்கள் கிளம்ப 21 மாதம் ஆயிற்று.

1968 டிசம்பரில் பெரிய துணிச்சல். இறங்கும் படகு இன்னும் தயாராகவில்லை. இருந்தாலும் அப்போலோ 8இல் போர்மன், லவல், ஆண்டர்ஸ் மூவரும் நிலவுக்குப் போய் 10 முறை சுற்றித் திரும்பினார்கள். டிசம்பர் 24இல் நிலவின் விளிம்புக்கு மேலே பூமி எழும்புவதை ஆண்டர்ஸ் படமெடுத்தார். போட்டிக்கு நின்ற சோவியத் நாட்டின் பெரும் ராக்கெட்டான என்-1 நான்கு முறை கிளம்பி நான்கு முறையும் தோற்றது. அதைத் தொடங்கிய கொரல்யோவ் 1966 ஜனவரியிலேயே இறந்திருந்தார். ஒரு தலைமைக் கொத்தனாரை நம்பிக் கட்டிய சாரம் அது.

நெய்த நினைவு

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. ஆம்ஸ்ட்ராங் காலை வைத்தபோது நமக்குக் காலை 8 மணி 26 நிமிடம். எனக்கு 12 வயது. எங்கள் தெரு முனை டீக்கடை வானொலியைச் சுற்றி நின்ற கூட்டத்தில் புத்தகப் பையோடு நானும் நின்றேன். பள்ளிக்குத் தாமதம். அடி வாங்கினேனா என்பது நினைவில்லை. நினைவில் இருப்பது அன்று மாலை. மாடியில் ஏறிப் பார்த்தேன். வளர்பிறை, பாதிக்குச் சற்றுக் குறைந்த நிலா. அப்போதும் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அங்கேதான் இருந்தார்கள். நம் நேரப்படி இரவு 11.24க்குத்தான் அங்கிருந்து கிளம்பினார்கள்.

ஏன் அந்த வளர்பிறையில் போனார்கள்? இறங்கும் இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்க வேண்டும். சூரியன் தாழ இருந்தால் நிழல் நீளும், பாறையும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரிந்து ஏமாற்றும். ஆக, நாசாவும் நாள் பார்த்துத்தான் இறங்கியது!

என் தகப்பனார் மில்லில் தறி வேலை பார்த்தவர். அறுந்த இழையை இருட்டில்கூட விரலால் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். பிற்பாடு பாடம் நடத்துவதற்காக அப்போலோ கணினியைப் பற்றிப் படித்தபோது அவர் விரல்தான் ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்தக் கணினியின் நினைவகம் நெய்யப்பட்டது. உவமையாகச் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில், ரேதியான் ஆலையில், பெண்கள் உட்கார்ந்து ஊசியில் செம்புக் கம்பியைக் கோத்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே ஓட்டினார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. இப்படி 36,864 சொற்கள், சொல்லுக்கு 16 இழை. நெய்து முடித்தபின் நிரலில் ஒரு பிழை என்றால் பிரித்துத்தான் நெய்ய வேண்டும். அழித்து எழுதக் கணினிக்கு இருந்த இடம் 2,048 சொற்கள் மட்டுமே. பஞ்சாங்கக்காரரின் வாக்கியமும் சோழியும் போலத்தான். மாறாதது மனப்பாடத்தில், மாறுவது தரையில்.

நிலவில் இறங்கும்போது கணினியின் அந்தத் தரை நிரம்பிவிட்டது. தேவையில்லாத நேரத்தில் ஒரு ரேடார் கணினிக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தது. திரையில் 1202 என்ற எச்சரிக்கை. ஆம்ஸ்ட்ராங்குக்கு அதன் பொருள் தெரியாது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் ஜாக் கார்மன் என்ற 24 வயது இளைஞர், எல்லா எச்சரிக்கை எண்களையும் கையால் எழுதிய ஒரு தாளைத் தம் மேசையில் வைத்திருந்தார். முன்னொரு ஒத்திகையில் இப்படி ஓர் எண் வந்து குழப்பியதால் எழுதி வைத்தது. அதைப் பார்த்து, கவலையில்லை என்றார். அங்கே முடிவு சொல்ல வேண்டியவரான 26 வயது ஸ்டீவ் பேல்ஸ், போகலாம் என்றார். கணினியும் கைவிடவில்லை. மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழு எழுதிய நிரல், முக்கியமல்லாத வேலையைத் தள்ளிவிட்டு முக்கியமானதை மட்டும் விடாமல் செய்தது.

இன்னொன்றும் உண்டு. நடந்துவிட்டுப் படகுக்குள் திரும்பியபோது, மேலெழும்பும் எஞ்சினுக்கான சுற்று முறிப்பானின் குமிழ் முதுகுப்பை இடித்து ஒடிந்து கிடந்தது. அதை உள்ளே தள்ளாவிட்டால் எஞ்சினை ஆயத்தப்படுத்த முடியாது. ஆல்ட்ரின் தம் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்தத் துளையில் வைத்து அழுத்தினார். கோடிக்கணக்கான டாலர் திட்டத்தில் கடைசி முட்டு ஒரு பேனா.

28 வோல்ட், 65 வோல்ட்

அப்போலோ 13இன் கதையைத் திரைப்படமாகப் பார்த்திருப்பீர்கள். விபத்தின் வேர் படத்தில் வரும் இரவுக்குப் பல ஆண்டுகளுக்கு முந்தியது. ஆக்சிஜன் தொட்டிக்குள் ஒரு சூடேற்றி, அதற்கு ஒரு வெப்பச் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் 28 வோல்ட்டுக்குச் செய்தது. பிறகு ஏவுதளத்தில் 65 வோல்ட் கொடுப்போம் என்று மாற்றினார்கள். சுவிட்சை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தொட்டி ஒரு முறை கழற்றும்போது 5 செ.மீ. உயரத்திலிருந்து இடிபட்டது. ஏவுவதற்கு முந்தைய சோதனையில் ஆக்சிஜன் சரியாக வெளியேறவில்லை. சூடேற்றிக் காலி செய்வோம் என்று பல மணிநேரம் ஓடவிட்டார்கள். சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டது. உள்ளே கம்பியின் உறை கருகியது. அதே தொட்டியோடு 1970 ஏப்ரல் 11இல் கலம் கிளம்பியது. இரண்டு நாள் கழித்துத் தொட்டிக்குள் விசிறியைப் போட்டார்கள். வெடித்தது.

மூவரும் சலங்கில் தஞ்சம் புகுந்தார்கள். இருவருக்கான படகில் மூவர், நாலு நாள். மூச்சுக்காற்றில் கரியமில வாயு ஏறியது. கப்பலின் வடிகட்டி சதுரம், படகின் துளை வட்டம். பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றை வைத்து எப்படி இணைப்பது என்று ஹூஸ்டனில் செய்து பார்த்துவிட்டு, படிப்படியாக வானொலியில் வாசித்துக் காட்டினார்கள். மேலே இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். ஏப்ரல் 17இல் மூவரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள். ஒரு சுவிட்சை மறந்தவர்களும் அந்தச் சாரத்தில் நின்றவர்கள்தான், ஒட்டுநாடாவை நினைத்தவர்களும் அதே சாரத்தில்தான் நின்றார்கள்.

வெள்ளைக் கல்லும் சித்தம்பூண்டியும்

1971 ஜூலையில் அப்போலோ 15 ஒரு வண்டியையும் ஏற்றிக்கொண்டு போனது. டேவ் ஸ்காட்டும் ஜிம் இர்வினும் மண்ணியல் பயிற்சி பெற்றவர்கள். ஒரு மண்மேட்டின்மேல் வெள்ளையாகப் பளபளத்த கல்லைக் கண்டதும் என்ன கிடைத்தது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அனார்த்தசைட் என்ற பாறை. 400 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வயது. நிலவு உருகிய குழம்பாக இருந்த காலத்தில் இலேசான தாது மேலே மிதந்து ஏடு கட்டியது என்ற கருத்துக்கு அது சான்றானது. பாலில் ஆடை படிவது போல என்று வகுப்பில் சொல்வேன். நிலவில் இறங்கிய ஆறு பயணங்களிலும் சேர்த்துக் கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ.

அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடக்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலா மண் போன்ற மண் இஸ்ரோவுக்கு வேண்டியிருந்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழக மண்ணியல் துறையார் இந்தப் பாறையை அடையாளம் காட்டினார்கள். பாறையைப் பொடித்து, டன் கணக்கில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து ஊர் விழுப்புரத்துக்காரர். அதற்கு முந்தைய கலம் 2019 செப்டம்பரில் மோதி நொறுங்கியபோது, நாசா வெளியிட்ட படங்களைத் தம் வீட்டுக் கணினியில் இரவிரவாக ஒப்பிட்டு முதல் சிதறலைக் கண்டுபிடித்தவர் சென்னையில் வேலை பார்த்த சண்முக சுப்பிரமணியன். நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது.

பிரித்த சாரம்

1972 டிசம்பர் 14இல் செர்னனும் ஷ்மிட்டும் நிலவிலிருந்து கிளம்பினார்கள். அதற்குப் பிறகு இந்த மாலை வரை யாரும் அங்கே கால் வைக்கவில்லை. 18, 19, 20 என்று எண்ணிட்ட பயணங்கள் 1970இலேயே கைவிடப்பட்டன. போட்டியில் வென்றாயிற்று, பணம் போதும் என்றார்கள். சாரம் பிரிக்கப்பட்டது.

நாற்பது ஆண்டு கழித்து மாடி எழுப்ப வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். நிலவுக்கு ஆளை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்கு வரைபடங்கள் இருக்கின்றன. ஆனால் அந்நாளில் பற்றவைத்தவர்கள் ஒவ்வொரு எஞ்சினிலும் கைப்பக்குவமாகச் செய்த சிறு மாற்றங்கள் வரைபடத்தில் இல்லை. நாசாவின் மார்ஷல் மையத்தில் இளம் பொறியாளர்கள் பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, 2013இல் அதன் ஒரு பகுதியை மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள். நம் பஞ்சாங்கக்காரருக்குக் கைக்கணக்கு தெரியும், காரணம் தெரியாது. இவர்களுக்குக் காரணம் தெரியும், கை தெரியவில்லை. இரண்டும் ஒரே இழப்புதான். கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளாவிட்டால் வருவது.

இப்போது மறுபடி சாரம் கட்டுகிறார்கள். நாசாவின் ஆர்ட்டெமிஸ் இரண்டாம் பயணத்தில் நிலவைச் சுற்றிவர நால்வர் பயிற்சி பெற்றார்கள். சீனா 2030க்குள் என்கிறது. நம் நாடு 2040 என்கிறது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து திரும்பினார். 2040இல் இங்கே பின்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கு முப்பது வயது இருக்கும். நிலவில் நடக்கப்போகிறவர் ஓரிருவர். கார்மனைப் போலத் தாளில் எழுதி வைக்கிறவர், 65 வோல்ட் என்றதும் சுவிட்ச் என்னவாயிற்று என்று கேட்கிறவர் ஆயிரக்கணக்கில் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்து முடிக்கிறேன். 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம். 9.57க்கு நிழல் தொடும். 11 மணிக்கு நிலவு முழுதாக நிழலுக்குள் போகும். 12.22 வரை செந்நிறமாக நிற்கும். 1.26க்கு விடும். மொட்டை மாடியில் உட்காருங்கள். வீட்டுப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கண் சொல்லும் நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று திங்கட்கிழமை உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். வானம் மூடிக்கொண்டால் ல ஜான்தீயை நினைத்துக்கொள்ளுங்கள்.